பெயர் சொல்லாத உதாரணம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஸ்கூட்டரில் ஆர்.எஸ்.புரம் தாண்டுவதற்குள் புடவையெல்லாம் சேறு.

முதலாண்டு பி.காம்., ஏ பிரிவு, என் வகுப்பு. சட்ட அறிமுகப் பாடம். இன்று: சட்டம் எங்கிருந்து வருகிறது. அரசியலமைப்பு, சட்டமன்றம், தீர்ப்புகள், ஊர் வழக்கம். வழக்கமும் எழுதிய சட்டமும் மோதினால்? கடைசி பெஞ்சில் கொட்டாவி. ஓர் உதாரணம் சொன்னேன். ஒருவர், மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டினார். ஊர் ஒப்புக்கொண்டது. சட்டம்? வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர்களுக்கு ஒரு மகள், அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார் என்றும் சேர்த்தேன். கதை சூடு பிடிக்கட்டும் என்று.

மூன்றாவது பெஞ்சுப் பெண்கள் எல்லோரும் நித்யாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். நான் எதையும் எழுதச் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

நித்யா வரவில்லை.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அது அவள் கதைதான். போன வாரம் ஸ்டாஃப் ரூமில் தனியாக வந்து சொன்னது. ஊர் சோமனூர். அம்மா விசைத்தறியில் வேலை. அப்பாவுக்கு அம்மா இரண்டாவது. "அப்போ சட்டப்படி நான் யாருங்க மேடம்?" என்று கேட்டாள். அந்தக் கல்யாணம் செல்லாது, ஆனால் பிள்ளையைச் சட்டம் முறையான பிள்ளையாகவே ஏற்கிறது என்றேன். அழுதாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நானாகத்தான் சொன்னேன். அவள் கேட்கக்கூட இல்லை.

வகுப்பில் ஊரை உடுமலை என்று மாற்றினேன். தறியைத் தென்னந்தோப்பு ஆக்கினேன். ஞாயிற்றுக்கிழமையை மாற்றத் தோன்றவில்லை. அவள் தோழிகளுக்கு அது ஒன்று போதும்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் வரவில்லை. கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும். என் அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. குடை ரிப்பேர்.

பக்கத்து மேசை கணக்கியல் சாரிடம் பட்டும் படாமலும் சொன்னேன். "பேரச் சொன்னீங்களா? இல்லீல்ல. அப்புறம் என்னங்க, விடுங்க" என்றார். கேட்கச் சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் அருவருப்பு.

நாளைய பாடம்: சட்டப்படி தவறில்லாதது எல்லாம் நியாயம் ஆகுமா. குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை.

ஜூலை 12, சனி

மதியம் பஸ் பிடித்துச் சோமனூர். வெயில். தெரு முழுக்கத் தறிச் சத்தம். நித்யாவின் அம்மா வெளியே வந்தார், தலைமுடியில் பஞ்சு. மகளுக்கு உடம்பு சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க டீச்சர், இத்தன தூரம் நீங்களே வந்துபோட்டீங்களே. ஊட்டுக்கு வந்தா உங்க வகுப்பப் பத்தித்தானுங்க பேசுவா."

காப்பி கொடுத்தார். குடித்தேன். குடித்திருக்கக் கூடாது.

பஸ் ஸ்டாப் வரை நித்யா கூட வந்தாள். தப்புப் பண்ணிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். நடந்துகொண்டே இருந்தாள். திங்கட்கிழமை வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். நின்றுவிட்டாள்.

"கிளாஸ்ல கேட்டுப்போடாதீங்க மேடம். இப்ப அவங்களுக்குச் சந்தேகந்தானுங்க. நீங்க மன்னிப்புக் கேட்டா உறுதியாயிரும்."

கொஞ்சம் கழித்து: "அம்மாவுக்குத் தெரிய வேண்டாங்க. நம்ம டீச்சர்னு சந்தோசமா இருக்காங்க."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வகுப்பில் மன்னிப்புக் கேட்க நினைத்தது அவளுக்காக இல்லை. என் பாரம் இறங்க. பதினெட்டு வயதுப் பெண் நடந்துகொண்டே யோசித்ததை, சட்டம் படித்த நான் நான்கு நாளாக யோசிக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

நித்யா வந்தாள். வகுப்புக்கு இல்லை. ஸ்டாஃப் ரூமுக்கு, கையில் விண்ணப்பம். பி பிரிவுக்கு மாற வேண்டுமாம். அங்கே இந்தப் பாடத்துக்கு வேறு ஆசிரியர். காரணம் என்ற இடத்தில், பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தாள்.

இரண்டு பிரிவுக்கும் ஒரே மணிதான். அவளுக்கும் தெரியும்.

கையெழுத்துப் போட்டேன். "தேங்க்ஸ்ங்க மேடம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.