வளைவில் நடப்போகும் பெயர்ப் பலகை

ஜூலை 9, புதன்

குண்டசாலையில் எங்கள் ஒழுங்கை திரும்பும் வளைவில் தெருவிளக்கு இல்லை. வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும் என் மகள் அந்த இருட்டைக் கடந்துதான் வீட்டுக்கு வருகிறாள். போன மாதம் அங்கேதான் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். பொலிஸோடு சேர்ந்து ஊர்க்காரர் நடத்தும் பிரஜா பாதுகாப்புக் குழுவில் நான் சேர்ந்ததே அந்த விளக்குக்காகத்தான்.

இன்றும் பொலிஸ் பொறுப்பதிகாரிக்குப் பொன்னாடை போர்த்துவதிலேயே பாதிக் கூட்டம் கழிந்தது. பிறகு விளக்கைப் பற்றிச் சொன்னேன்.

“லைட்டு எங்க சேர் ஓடப்போகுது?” என்றார் தலைவர் முருகையா முதலாளி. “மொதல்ல நாம யாருன்னு சனத்துக்குத் தெரியணுமே. நம்ம பேரெல்லாம் போட்டு ஒரு போர்ட் வைப்போம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மிகுந்த மரியாதையுடன் எழுந்து, பலகையை அந்த வளைவிலேயே நடலாம் என்று முன்மொழிந்தேன். இருட்டில் தலைவரின் பெயரை எவர் வாசிப்பார் என்பதுதான் என் கவலை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

முதலாளி திடுக்கிட்டார். “அட, அது அநியாயம்ல! நல்ல பெரிய லைட்டா போடணும். நம்ம கடையிலருந்தே தர்றேன்.”

ஒரு வருடமாக என் மகளுக்குக் கிடைக்காத வெளிச்சம், முதலாளியின் பெயருக்கு ஒரே நிமிடத்தில் ஏகமனதாகக் கிடைத்தது.

வீட்டில் சொன்னபோது மகள் வயிறு வலிக்கச் சிரித்தாள். “உங்க பேரும் வரும்தானே அப்பா?”

வரும், எல்லோருக்கும் கீழே, கடைசியாக. அதன் பக்கத்தில் என் பி.ஏ. பட்டத்தையாவது போடுவார்களா என்று கேட்காமல் வந்துவிட்டேன்.