பாக்கியம் எங்கே வந்தாள்

டிசம்பர் 11, 1930. வியாழன்.

மழை விடவில்லை. கோத்தா திங்கி ஆறு ரோட்டுக்கு மேலே ஓடுகிறது. லாரி, பஸ் எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரி பாக்கியத்தை ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது செவ்வாய். வயிற்றில் எட்டு மாதம். ஜன்னி கண்டு கண் செருகிவிட்டது. தோட்டத்து ஆயா கூடப் போனாள். ஸ்டோர் சாவி என்னிடம், அதனால் வெள்ளைக்காரத் தொரை என்னை விடவில்லை. மறுநாளே ரோடு மூழ்கிவிட்டது.

ஆபீஸ் டெலிபோனைத் தொரை மட்டும்தான் எடுப்பார். இன்று பேசி முடித்து என்னைக் கூப்பிட்டார். "ஷி மே நாட் புல் த்ரூ." எஸ் சார் என்றேன்.

புல், இழு. த்ரூ, ஊடே. அகராதியில் தனித்தனியாக இருக்கிறது, சேர்ந்து இல்லை. எதை இழுக்கிறார்கள்? குழந்தையையா?

கேட்க வாய் வரவில்லை. ரப்பர் விலை விழுந்து ஆள் குறைக்கிற நேரம். இங்கிலீஷ் அரைகுறை என்று தெரிந்தால் என் சீட்டும் கிழியும். விளக்கம் கேட்க, ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணியும் இல்லை. லீவில் போனவர் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம்.

அரிசி மூட்டை நனைகிறது. அடியில் பலகை போடணும்.

டிச. 12. வெள்ளி.

மழை.

கிவ், கொடு. அப், மேலே. கிவ் அப் என்றால் விட்டுவிடு! கொடுப்பதும் இல்லை, மேலேயும் இல்லை. புட் அப். புட் ஆஃப். புட் அவுட். பள்ளிக்கூடத்தில் வினைச்சொல்லை அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வாலை யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் தொரை: "ஷி'ஸ் கம் டூ." மேலே ஊர் பேர் சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. சிரித்த மாதிரி இருந்தது.

கம் டூ, எங்கே? கோத்தா திங்கிக்கா? அந்த உடம்போடு வெளியே விட்டுவிட்டார்களா?

கம்பளியை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். ஒவ்வொரு சம்பானாக எட்டிப் பார்த்தேன். மலாய்க்காரப் படகோட்டி கையை விரித்தார். "தா அடா லா." யாரும் இல்லை. இருட்டும்வரை நின்றேன். நடுவழியில் எங்கே கிடக்கிறாளோ.

டிச. 13. சனி.

காலை முதல் சம்பானில் பெரிய கிராணி வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"கம் டூ எண்டா நினைவு திரும்பிட்டுது, தம்பி. உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

ஸ்டோர் படியில் உட்கார்ந்து அழுதேன்.

"அப்ப புல் த்ரூ?"

"பிழைக்கிறது."

பிழைக்கமாட்டாள் போல என்று தொரை சொல்லியிருக்கிறார். நான் எஸ் சார் என்று சொல்லிவிட்டு மூட்டைக்குப் பலகை தேடினேன்.

பெரிய கிராணி எனக்காக லீவு கேட்டார். "ஆஃப் யூ கோ," என்றார் தொரை. ஆஸ்பத்திரிக்குப் போ என்றா, வேலையை விட்டே போ என்றா? விழித்தேன். "ஓடும்!" என்று பெரிய கிராணி முதுகில் தள்ளினார்.

டிச. 15. திங்கள். ஜொகூர் பாரு.

வெயில்.

பாக்கியம் கண் திறந்திருக்கிறாள். நாக்கு கடிபட்டு வீக்கம். வயிறு தட்டை. பக்கத்தில் தொட்டில் இல்லை. ஆயா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளைக்கார டாக்டர் தோளில் கை வைத்தார். "வீ லாஸ்ட் தி பாய். ஷி'ல் கெட் ஓவர் இட்."

முதல் பாதி புரிந்தது. அதற்கு அகராதி வேண்டாம். பையன்.

மறு பாதியைக் கேட்டேவிட்டேன். "கெட் ஓவர், வாட் மீனிங், சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன் டே," என்றார். "ஒன் டே, நோ க்ரை." போய்விட்டார்.

பாக்கியம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க சொல்றாரு?"

"ஒனக்கு ஒடம்பு தேறிடும்னு."

"பால் கட்டி வலிக்குதுங்க. புள்ளையக் கொண்டாரச் சொல்லுங்க. இந்த ஆயாவுக்கு ஒண்ணும் கேக்கத் தெரியல. உங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியுமே."