பிரேக் பற்றி நீ சொன்னது

நேற்று நம் லாரி செட்டுக்குப் புது டீசல் லாரி ஒன்று வந்தது. டிரைவர் நிறுத்தும்போது பிரேக்கிலிருந்து ‘புஸ்’ஸென்று காற்று வெளியேறியது. காற்றாலேயே பிடிக்கிற பிரேக்காம். முழுப் பாரத்தோடு இறங்கினாலும் நினைத்த இடத்தில் நிற்குமாம். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

நம் வண்டி, உலக யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட பெட்ரோல் லாரி. ஊரெல்லாம் டீசலுக்கு மாறிய எழுபதுகளில் நானும் அதன் இஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரிய டீசல் இஞ்சினைப் பூட்டினேன். வண்டி என்னுடையது, ஸ்டியரிங் உன்னுடையது. ஆட்கள் முன்னால் என்னை ‘முதலாளி’ என்பாய். தனியே இருந்தால், ஒரே பெஞ்சில் படித்த உரிமையில், ‘ஏலே’. புது இஞ்சின் வந்த மறுவாரமே பாரத்தை ஒன்றரை மடங்காக்கினேன். புளியரை மேட்டில் வண்டி முனகாமல் ஏறியபோது நீயும்தான் சிரித்தாய். இறக்கத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏலே, இஞ்சின் பெருசாயிட்டு, பிரேக்கு பழசுதான கெடக்கு. மிதிச்சா வண்டி யோசிச்சுல்லா நிக்குது. மாத்திட்டு ஏத்துவோம்.”

மூன்று முறை சொன்னாய். கடைசியாகச் சொன்னது புளியங்குடியில், கொல்லத்துக்கு எலுமிச்சை ஏற்றிய காலையில். “காய் அழுகிரும்லே. இந்த நடை போயிட்டு வந்து பாப்போம்” என்றேன். நீ ஸ்டியரிங் பக்கம் ஏறினாய். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

ஆரியங்காவு தாண்டிய இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே வளைவில் ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு பஸ் ஏறி வந்தது. இடப்பக்கம் பள்ளம். “கெட்டியாப் புடிச்சுக்கோலே!” என்று கத்திவிட்டு, வலப்பக்கப் பாறையில், நீ உட்கார்ந்திருந்த பக்கமே இடிபடும்படி வண்டியைக் கொண்டுபோய் மோதினாய். பஸ்ஸில் ஒருவருக்கும் கீறலில்லை. எனக்கும் இல்லை. உன் வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று.

நீ ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தாய். பிரேக் சரியாக இருந்ததா என்று போலீஸ்காரர் என்னைக் கேட்டார். “நல்லா இருந்துச்சு சார். அவன்தான் வேகமா விட்டுட்டான்” என்றேன். எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

லைசென்ஸும் போனபின் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை போட்டாய். ‘வேகத்துல கால விட்டவன்’ என்று டிரைவர்கள் சொல்வது உன் காதில் விழும். நானும் அங்கேயே நின்று டீ குடித்திருக்கிறேன். நீ அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. “வாலே, உக்காரு” என்பாய். உட்காருவேன். இப்படியே பத்து வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மகள் என்னைத் தனியே அழைத்தாள். “மாமா, அப்பா வேகமாப் போனதுனாலதான் கால் போச்சா?”

சொல்லிவிட்டேன். பிரேக், எலுமிச்சை, போலீஸ்காரரிடம் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

“தெரியும் மாமா. அப்பா சொல்லியிருக்காக. ‘அவனாச் சொல்லுவான், நீ கேக்காத’ன்னாக. என்னாலதான் கேக்காம இருக்க முடியல.”

அத்தனை வருஷமும் நீ என்னை நம்பிக் காத்திருந்திருக்கிறாய். நானாகச் சொல்லவில்லையடா. அவள் கேட்ட பிறகுதான் சொன்னேன்.