ஒளிராத தேள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், இங்கே எங்களுக்கும் கடவுள் புண்ணியத்தில் அலுப்பைத் தவிர வேறு குறை இல்லை. முதலில் நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சாமான் அறையில் யார் யார் இருந்தோம் என்று எழுதிவிடுகிறேன். நான், அப்பா, உன் சித்தி, கொத்தனார். நாலு பேர். ஐந்தாவதாக ஒன்று இருந்தது, இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் பேசும்போதெல்லாம் அப்பா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார், இதைப் பற்றி வாயைத் திறக்க விடமாட்டார். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அங்கே கூட்டமும் அதிகம் பேச்சும் அதிகம், எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும்.

பத்து நாளைக்கு முன் உனக்கு ஒரு கடிதம் போட்டேனே, வீடு சுத்தமாகிவிட்டது, ஒரு தேள்கூட இல்லை, தைரியமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா என்று, அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மாசக் கடைசிக்குள் டிக்கெட் போடுவதாகச் சொன்னாய். போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் இதைப் படித்துவிட்டு முடிவு செய். அப்பாவைக் குளியலறையில் தேள் கொட்டி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது நீ அழுதுகொண்டே சொன்னது எனக்கு மறக்கவில்லை, தரையெல்லாம் தவழ்கிற குழந்தையை இந்த வீட்டில் எப்படிம்மா விடுவேன் என்று. அதற்கு நான் கோபித்துக்கொண்டேன், ஆனால் நீ சொன்னது சரி. பதினோரு மாசக் குழந்தையை நாங்கள் இன்னும் போட்டோவில்தான் பார்க்கிறோம் என்பது வேறு விஷயம், அதற்காகச் சரியானது தப்பாகிவிடாது.

இருட்டில் தேளை ஒளிரவைத்துக் காட்டும் என்று நீ அனுப்பின புற ஊதா டார்ச் வந்த அன்றைக்கு இங்கே நடந்த கூத்தை முழுசாக எழுதவில்லை. இருட்டினதும் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தால், தேளைத் தவிர எல்லாம் ஒளிர்கிறது. துவைத்த பனியன், என் வெள்ளைப் புடவை ஓரம், நோட்டுத் தாள், பூனையின் வெள்ளைக் கால்கள்கூட லேசாக. துவைக்கிற கல் பக்கம் நீலமாக ஒரு பொட்டு தெரிந்ததும் அப்பா செருப்பைக் கழற்றி நாலு அடி அடித்தார். விளக்கைப் போட்டால் சிந்திக் கிடந்த சோப்புத்தூள். சித்தி விடுவாளா, ஏன் மாமா, துணி துவைக்கிற தூளையே அடிச்சுத் துவைக்கிறீங்களே, அது என்ன பாவம் பண்ணுச்சு என்று சிரித்து உருண்டாள். அப்பா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பிறகு நிஜமாகவே தேள்கள் கிடைத்தன, முதல் வாரத்தில் ஒன்பது, பச்சையும் நீலமுமாக, எங்கே ஒளிந்தாலும் தங்களையே காட்டிக்கொடுத்துக்கொண்டு. நான்தான் நோட்டுப் போட்டேன், தேதி, இடம், எத்தனை, உயிரோடா செத்ததா என்று நாலு கட்டம். தினமும் ஏழு மணிக்குப் பிரார்த்தனை முடிந்ததும் முழங்கால் வலியோடு கட்டில் அடி, அலமாரிப் பின்புறம், குளியலறை மூலை என்று குனிந்து குனிந்து பார்த்து எழுதினேன். உனக்கு எழுதுவதற்கு முந்தின இருபத்து மூன்று நாளும் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களை நம்பித்தான் உனக்கு எழுதினேன்.

நேற்று கொத்தனார் வந்தது சாமான் அறைச் சுவருக்கும் படிக்கும் நடுவில் இருக்கிற விரிசலை அடைக்க. பகலிலும் அந்த அறை கும்மிருட்டுதான், பல்பு போய் ஒரு மாசம் ஆகிறது. அவர் கையை விடுவதற்கு முன்னால் நான் டார்ச் அடித்தேன். செருப்பு வைக்கிற பலகையில், அப்பாவின் பழைய ஷூவுக்குப் பக்கத்தில், ஒன்று பளிச்சென்று தெரிந்தது. விளக்குமாற்றால் ஒரு போடு போட்டேன், அசையவில்லை, எடுத்துப் பார்த்தால் வெங்காயத் தோல் மாதிரி தேள் உரித்துப் போட்ட கூடு, உள்ளே ஒன்றும் இல்லை. சட்டை, ஒன்று, உயிர் இல்லை என்று நோட்டில் எழுதிவிட்டு ஒண்ணுமில்ல, கை வைங்க என்று கொத்தனாரிடம் சொன்னேன். நானேதான் சொன்னேன். அவர் பலகையை நகர்த்தக் கையை வைத்தார், வைத்தவர் மணிக்கட்டில் ஏதோ ஊர்கிறது என்று உதறினார். டார்ச்சைத் தரையில் அடித்தேன், ஒன்றுமே இல்லை. சித்தி தன் போனில் இருக்கிற சாதா வெளிச்சத்தைப் போட்டாள், அங்கேயே இருக்கிறது, வெண்ணெய் நிறத்தில், மெத்தென்று, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு. மறுபடி உன் டார்ச்சை அடித்தேன், அது நிற்கிற இடத்தில் வெறும் இருட்டு. கொத்தனார் கரண்டியால் அதன் கதையை முடித்தார். அவரைக் கொட்டவில்லை, அது மட்டும்தான் கடவுள் செய்தது, மற்றதெல்லாம் நான் செய்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, உங்க லைட்டுக்கே டிமிக்கி குடுக்குதேம்மா, இது படிச்ச தேளு போல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். சில பிராணிகள் ஏன் இப்படி ஒளிர்கின்றன என்று நான் கேட்டதற்கு நீ நாலு பக்கம் எழுதியிருந்தாயே, அது. நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அதன் தோல் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் சக்தி குறைத்து, தெரிகிற நிறமாகத் திருப்பித் தருகிறது என்று எழுதியிருந்தாய், கொதிக்கக் கொதிக்க ஊற்றினதைக் குடிக்கிற சூட்டில் திருப்பித் தருவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். நீ வேலை பார்க்கிற மியூசியத்தில் பதப்படுத்தி வைத்திருக்கிற பறக்கும் அணிலின் வயிறு ரோஜா நிறமாகத் தெரிந்தது, முட்டையிட்டுப் பால் கொடுக்கிற அந்த வாத்து மூக்குப் பிராணி பச்சையாகத் தெரிந்தது, இதையெல்லாம் நான் ஒன்று விடாமல் நோட்டில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன், ஐந்தாவதோடு நின்றவளுக்கு அதில் ஒரு பெருமை. அதே பக்கத்தின் அடியில் நீ எழுதியிருக்கிறாய், தேளின் தோல் இறுக இறுகத்தான் அந்த ஒளி வரும், சட்டை உரித்த புதிதில் ஒளிராது, கவனம் அம்மா என்று. கவனம் என்பதற்கு அடியில் கோடுகூடப் போட்டிருக்கிறாய். அதை நான் காப்பி எடுக்கவில்லை. எது ஒளிரும் என்பதையெல்லாம் எழுதி வைத்தவள் எது ஒளிராது என்பதைப் படித்த ஞாபகமே இல்லாமல் விட்டிருக்கிறேன். நீ சீக்கிரம் வரவேண்டும் என்கிற ஆசையில் கண் அதைத் தாண்டிப் போயிருக்கும், வேறென்ன.

இன்னொன்றும் எழுதியிருந்தாய். எதற்காக ஒளிர்கின்றன என்று கேட்டால், நிலா வெளிச்சத்தை உடம்பாலேயே உணர்ந்து ஒளிந்துகொள்ளத் தேளுக்கு அது உதவலாம் என்று சிலர் சொல்கிறார்கள், ஒரு காரணமும் இல்லை, தோல் அப்படி அமைந்துவிட்டது அவ்வளவுதான் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு உண்மையில் தெரியாதும்மா என்று. காரணமில்லாமல் படைப்பானா என்று அன்றைக்கு எனக்கு உன் மேல் வருத்தம். நேற்று மறுபடி படித்தபோது வேறு மாதிரி பட்டது. இத்தனை படித்த நீ தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறாய், நான் பார்க்காததை இல்லை என்று எழுதிவிட்டேன். பிரார்த்தனையில் உட்கார்ந்து, இதைச் சொல்லாமல் இருந்தால் என்ன என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். அப்பாவும் காலையில் அதைத்தான் சொன்னார், ஒத்தத் தேளுதானே, அதுவும் செத்துப்போச்சு, நீ சொன்னேன்னா அவ வரவேமாட்டா, எனக்கு என்ன வயசு திரும்பியா வருது என்று. ஆனால் வாய்க்குள் எதையும் போட்டுக்கொள்கிற வயசுக் குழந்தை நடுக்கூடத்தில் தவழும்போது என் நோட்டைப் பார்த்துக்கொண்டு நான் நிம்மதியாக இருக்க முடியாது. விரிசலை அடைத்தாகிவிட்டது, சாக்கடை வாயில் நாளைக்கு வலை போடுகிறார்கள், பல்பும் மாற்றினோம், இனிமேல் இரண்டு வெளிச்சத்திலும் பார்க்கிறேன். முழுசாகச் சுத்தம் என்று இனி எழுதமாட்டேன். இவ்வளவு பார்த்தேன், இவ்வளவு பார்க்கவில்லை என்றுதான் எழுதுவேன். நீ இப்போது வருவதோ, குழந்தை நடந்து ஓடின பிறகு வருவதோ, உன் இஷ்டம், நான் கோபிக்கமாட்டேன். வருத்தப்படமாட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

இங்கே வரைக்கும் எழுதும்போதே அப்பா வந்துவிட்டார், கடையில் இன்றைக்குக் கூட்டமே இல்லையாம். மறைக்க நேரமில்லை, கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே முழுக்கப் படித்தார், கழுத்தெல்லாம் வெட்டின முடியோடு. கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். தாளை மடித்து என் கையில் கொடுத்து, எழுதினது எழுதிட்டே, அப்படியே இருக்கட்டும், பாப்பாவோட கால் அளவு என்னன்னு மட்டும் கேளு என்றார். எதற்கு என்றேன். எப்ப வந்தாலும் நடந்துட்டுதானே வரும், கணுக்கால் வரைக்கும் மூடின ஷூவா நானே பாத்து வாங்கி வெக்கிறேன், செருப்புப் பலகையில இல்ல, என் தலமாட்டுல என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். போகும்போது குளியலறை மூலையில் இரண்டு விளக்கையும் அடித்துப் பார்க்கிற வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்தது.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், குழந்தை தீர்க்காயுசாக இருக்கட்டும். அந்தப் புற ஊதா விளக்கில் வேலை செய்யும்போது கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியைக் கழற்றாதே, அலுப்பாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். ஒரு தாளில் குட்டியின் பாதத்தை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்து அனுப்பு, இரண்டு பாதமும். நீ என்ன முடிவு செய்தாய் என்பதையும் அதே தாளில் எழுது. பதிலைச் சீக்கிரம் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா