ஊருக்கெல்லாம் அக்கா, எனக்கு வாத்தியாரம்மா

என் பிரியமான வாத்தியாரம்மாவுக்கு,

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல முனுசாமி எழுதுகிறான். உன்னிடம் எழுத்துக் கற்ற அதே முனுசாமி. இப்போது ரயில்வேயில் குமாஸ்தா. எடுத்த எடுப்பில் 'அன்புள்ள அக்கா' என்று ஆரம்பித்துவிட்டான். அதை அடிக்கச் சொன்னேன். "இது என் காயிதம்டா" என்றேன்.

அந்தச் சொல் என் கையை விட்டுப் போன நாள் உனக்கு நினைவிருக்கிறதா? தாய் தகப்பன் போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான். நீ ராயபுரத்தில் பாடம் சொல்லப் போனாய், நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனேன். அன்று எனக்கு வேலை இல்லை. நீ மறந்துவிட்டுப் போன சோற்றுத் தூக்கோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றேன்.

உள்ளே ஒரே ரகளை. மீன்காரப் பிள்ளைகள் பானையில் மொண்டு குடிக்கும். தோல் கிடங்குப் பிள்ளைகள் பானையைத் தொடக் கூடாது. யாராவது மேலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கவேண்டும். அன்று முனுசாமி பானையைத் தொட்டுவிட்டான். மீன்கார வீட்டு அந்தோணி அவன் சட்டையைப் பிடித்திருந்தான்.

நீ யாரையும் அடிக்கவில்லை. முனுசாமி கையில் சொம்பைக் கொடுத்து, அவன் முன்னால் குனிந்து கையேந்தினாய். "ஊத்துடா." பாதித் தண்ணீர் உன் புடவையில். மீதியைக் குடித்துவிட்டு அந்தோணியைப் பார்த்தாய்.

"இப்போ நீ."

"மாட்டேன் வாத்தியாரம்மா. எங்கம்மா தோலை உரிச்சுடும்."

"உரிச்சா இவங்க கிடங்குலயே போட்டுடலாம்." இரண்டு பக்கமும் சிரித்தது. "வாத்தியாரம்மா குடிச்சா உனக்கு இன்னா? அக்கான்னு கூப்பிடு. அக்கா குடிச்ச தண்ணிய தம்பி குடிக்கலாம் இல்ல?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு "சரிக்கா" என்று கையேந்தினான்.

அதைப் பெரிய நாள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். என்னிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் தண்ணீரோடு சேர்த்து வாரிக் கொடுத்துவிட்டாய்.

"இந்தா சோறு, வாத்தியாரம்மா" என்றேன்.

"இன்னாடா புதுசா?"

"ஊருக்கெல்லாம் அக்கா ஆயிட்டே. எனக்கு இன்னா மிச்சம் கீது?"

நீ சிரித்தாய். நான் விளையாடவில்லை. அதற்கப்புறம் உன்னை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. உனக்கு வலித்ததா?

போன மாசம் உன்னைப் பாடையில் தூக்கும்போது முன்னால் அந்தோணி ஒரு பக்கம், முனுசாமி ஒரு பக்கம். நானும் குனிந்தேன். "தம்பிங்க நாங்க கீறோம். நீ சும்மா வா நைனா" என்றான் அந்தோணி. ஒருத்தன் தண்ணீரை ஒருத்தன் தொடாதவர்கள், தோளோடு தோள் உரசிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் நடந்தேன். அழுவதிலும் முந்திக்கொண்டார்கள்.

இன்னும் பொறாமைதான். உன்னிடம் எதற்கு மறைப்பது?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அங்கே வந்ததும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயசில் மூத்தவன், இவர்களுக்கு முந்தி நான்தான் வருவேன். அந்தக் கொஞ்ச நாளாவது எனக்கு மட்டும் அக்காவாக இரு.

"என் பேரையும் போட்டுக்கவா நைனா?" என்கிறான் முனுசாமி. போட்டுக்கொள்ளட்டும். எனக்குக் கீழே.

உன் கூடப் பிறந்த தம்பி, கைநாட்டு.

கூடப் பிறக்காத தம்பி, முனுசாமி.