வியாழக்கிழமை அங்க தங்காதே

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம்
புதன்கிழமை சாயங்காலம்

என் மகள் ஏலவார்குழலிக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்க அம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கறோம், ஏகாம்பரநாதர் புண்ணியத்துல நீ அங்க ஒரு கீறல் கூட இல்லாம இருக்கன்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்குச் சோறு எறங்கும். எப்பவும் சௌபாக்கியவதின்னு போட்டுத்தான் உனக்கு எழுத ஆரம்பிப்பேன், இன்னிக்கு அந்த வார்த்தைக்கு கை வரல, அதனால மகள்னு மட்டும் போட்டிருக்கறேன். மொதல்ல ஒரு விஷயம், இதைப் படிச்சுட்டு மீதியை அப்புறம் படி. அந்தக் காட்டு வாசலுக்கு வெளியில நீ ரூம் போட்டிருக்கற லாட்ஜுக்குப் போகாதே. இன்னிக்கு ராத்திரியும் போகாதே, வியாழக்கிழமை அங்க தங்கவே தங்காதே. உன் புருஷன் தேவேந்திரன் உன்னைத் தேடி அங்க வந்துக்கினு இருக்கறான். நீ எந்த நாள் எந்த ஊர்ல இருப்பன்னு எழுதின லிஸ்ட்டு அவன் கையில இருக்குது. அது அவனுக்குப் போனதுக்குக் காரணம் நான்தான். வண்டியைத் திருப்பு, லிஸ்ட்டுல இல்லாத ஏதாச்சும் ஊருக்குப் போ, நூறு மைலோ இருநூறு மைலோ போய், ஜனங்க நடமாடற இடமாப் பாத்து நிறுத்திட்டு அப்பால மீதியைப் படி.

இதையே நாலு வரியா மத்தியானமே அனுப்பிட்டேன், ஒரே டிக்கோட நிக்குது. மூணு நாளு காட்டுக்குள்ள டவர் இருக்காது, புதன்கிழமை வெளிய வந்தாத்தான் போனுக்கு உயிர் வரும்னு நீ சொல்லிட்டுத்தானே போன. உனக்கு இப்பத்தான் புதன்கிழமை விடியுது. வெளிய வந்ததும் எல்லாம் ஒண்ணா வந்து விழும்னு எதிர்வீட்டு நதியா சொல்லுது, ஏனாத்தூர் காலேஜுல படிக்குதே, அந்தப் பொண்ணுதான். நான் நோட்டுல எழுத எழுத அது பக்கம் பக்கமா படம் புடிச்சு உனக்கு அனுப்பப் போவுது. பேசி அனுப்பலாம்னு ரெண்டு தடவை பாத்தேன், குழலின்னு கூப்பிடறதோட நின்னுபோவுது. வெறுமனே போகாதேன்னு சொன்னா நீ கேக்க மாட்ட, அப்பாவுக்கு இதே வேலை, கரடி பாம்புன்னு பயந்துக்கினு கெடப்பாருன்னு சிரிச்சுட்டு அந்த லாட்ஜுக்கே போயிடுவ. அதனால நடந்ததை நடந்தபடியே எழுதறேன்.

நீ தனியா காரு ஓட்டிக்கினு ஊரெல்லாம் பாக்கக் கிளம்பினதுல எனக்கு எவ்ளோ பெருமைன்னு உனக்குத் தெரியாது. மலையில நாலு பேரு மூஞ்சியைச் செதுக்கி வெச்சிருக்கற போட்டோவை தர்மன் டீக்கடையில நான் காட்டாத ஆளு இல்ல. வெட்டவெளியில வெட்டிப்போட்ட அடிமரம் மாதிரி ஒரு கல்லுமலை நிக்குதே, அதுக்கு முன்னாடி நீ நிக்கறதைப் பாத்துட்டு நம்ம நெசவாளர் சொசைட்டி கிளார்க்கு இதை யாரு எடுத்ததுன்னு கேட்டாரு. என் பொண்ணே கல்லு மேல போனை வெச்சு எடுத்துக்கினா, கூட யாரும் இல்லன்னேன். கூட யாரும் இல்லன்னு ஊருக்கே சொல்லிக்கினு திரிஞ்சேன். மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கல, நான் மட்டும் போறேன்னு நீ சொன்னதை அப்படியே நம்பினேன். (மாப்பிள்ளைன்னு எழுதிட்டேன், அவன்னு படிச்சுக்கோ.) அம்மா போனுக்கு நீ ஒரு லிஸ்ட்டு அனுப்பி இருந்த இல்ல, எந்தத் தேதி, எந்த ஊரு, எந்த லாட்ஜு, கடைசியில புது வேலைக்குப் போற ஊரு, அங்க எடுத்திருக்கற வீட்டு அட்ரஸ் வரைக்கும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா தேடறதுக்கு ஒருத்தருக்காச்சும் தெரியணும்னு அம்மாவுக்கு மட்டும் அனுப்பினது. உங்க அம்மா குளிக்கப் போயிருந்தப்ப நான் அதைப் பாத்தேன். கரடி உலாத்தற காட்டுல பொண்ணு மூணு நாளு டென்ட்டுல படுக்கப் போவுதேன்னு பயந்தேன், நாளு கெழமை பாக்காம கிளம்பியிருக்கறாளேன்னு தோணிச்சு. அத்தனையையும் நோட்டுல எழுதிக்கினு சனிக்கிழமை ஷேர் ஆட்டோ புடிச்சு ஐயம்பேட்டைக்கு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் பஞ்சாங்கம் பாக்கறது உன் மாமனார் குமரகுருதானே, உன் கல்யாணத்துக்கு நாள் குறிச்சதே அவருதான், வேற யாருகிட்ட போவேன்.

அன்னிக்கு என்னைக்கும் இல்லாத மரியாதை. நாற்காலியைத் தொடச்சுப் போட்டாரு, காப்பி வந்துது, காப்பிக்கு அப்புறம் ஒரு தட்டு முறுக்கு வந்துது. நோட்டை வாங்கி மூணு தடவை படிச்சாரு. திசை எல்லாம் நிதானமா பாக்கணும், வெச்சுட்டுப் போங்கன்னாரு, வெச்சுட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, எல்லா நாளும் நல்லா இருக்குது சம்பந்தி, ஒரு வியாழக்கிழமை மட்டும்தான் ஒதைக்குது, வியாழக்கிழமை தெற்கே சூலம், அந்தத் திசையில போவக் கூடாது, நம்ம பொண்ணு அன்னிக்குத் தெற்கேதானே கிளம்பறா, அதே லாட்ஜுல ஒரு நாள் கூட இருந்துட்டு வெள்ளிக்கிழமை கிளம்பச் சொல்லுங்கன்னாரு. நம்ம பொண்ணுன்னு சொன்னாரு, நான் உருகிப்போயிட்டேன். சூலம் நெஜம்தான், நம்ம வீட்டுக் காலண்டர்லயே போட்டிருக்குது, அதுல பொய் இல்ல. நெஜத்தைச் சொல்லியே என்னை ஏமாத்திட்டாரு. நீ காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே நான் அதை உனக்கு அனுப்பினேன், நீயும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டு, சரிப்பா, உங்களுக்காக ஒரு நாள் எக்ஸ்ட்ரா தங்கறேன்னு எழுதின. சூலத்தை எல்லாம் நீ நம்பறவ இல்ல. எனக்காகத் தங்கறேன்ன.

இன்னிக்குக் காலையில பதினோரு மணி இருக்கும், இளவரசி, அதான் அவன் தங்கச்சி, அம்மாவுக்குப் போன் பண்ணிச்சு. அத்தை, எங்கப்பா அந்த லிஸ்ட்டை அண்ணனுக்கு அனுப்பிட்டாரு, அண்ணன் லீவு போட்டுட்டுக் கிளம்பறாரு, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள அந்த லாட்ஜுல இருப்பாராம், அண்ணி அன்னிக்கு எங்கயும் நகராது, அதுக்கு ஏற்பாடு பண்ணியாச்சுன்னு அப்பா சொல்றாரு, எனக்கு பயமா இருக்குது, நான் சொன்னேன்னு யாருக்கும் சொல்லிடாதீங்கன்னு அழுதுச்சாம். நான் தறியில உக்காந்து நாடா ஓட்டிக்கினு இருந்தேன். உங்க அம்மா வந்து நின்னு, என்னாய்யா பண்ணின, என் பொண்ணு இருக்கற எடத்தை யாருகிட்ட குடுத்தன்னு கேட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. முப்பத்தி நாலு வருஷத்துல புவனேஸ்வரி என்னை ஒருமையில பேசினதே இல்ல. அப்புறம்தான் எல்லாத்தையும் சொன்னா. தை மாசம் கொட்டற பனியில உன்னை வெளிய தள்ளிக் கதவைப் பூட்டிக்கினது, பக்கத்து வீட்டுக்காரங்க கம்பளி போத்தி உள்ள இட்டுக்கினு போனது, கதவுல நசுங்கிடுச்சுப்பான்னு வீடியோவுல வெரலைக் காட்டினியே, அது கதவு இல்லன்னு, பங்குனியிலயே நீ அந்த வீட்டை விட்டு வந்துட்டன்னு. ஆகஸ்டுல புது வேலை, அதுவரைக்கும் அவன் கண்ணுல படாம இருக்கணும், அவன் ஒரு நாளும் இட்டுக்கினு போகாத இடத்தையெல்லாம் தனியா பாத்துட்டு அப்படியே புது ஊருக்குப் போயிடறேன்னு சொன்னியாமே. ஆறு மாசமா இத்தனையும் அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது, பெத்த அப்பனுக்குத் தெரியல.

எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துது, மறைக்காம சொல்றேன். எதுக்கு என்கிட்ட மறைச்சீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஐயம்பேட்டைக்குப் போயிருப்பேனான்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினேன். உங்க அம்மா கத்தல. உங்ககிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள சம்பந்திக்குப் போயிடும், அப்பாகிட்ட மட்டும் சொல்லாதேம்மான்னு அவ கால்ல விழாத கொறையா கேட்டுக்கினான்னு சொன்னா. அவ சொன்னது நெஜம்தான். போன வருஷம் ஒரு நாள் நீயே என்கிட்ட ஆரம்பிச்ச, அவருக்குக் கோவம் வந்தா ஒரு மாதிரி ஆயிடறாருப்பான்னு. நான் என்ன சொன்னேன், ஆம்பளைக்குக் கோவம் வரத்தாம்மா செய்யும், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போன்னு சொன்னேன். அதோட விட்டேனா, அன்னிக்கே சம்பந்திக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை வேலை டென்ஷன்ல இருக்கறாரு போல, பொண்ணு வருத்தப்படுதுன்னு சொன்னேன். அது அவன் காதுக்குப் போகாம இருந்திருக்குமா. அதுக்கப்புறம் உனக்கு என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் தைரியம் இல்ல. அதுல இருந்துதான் நீ என்கிட்ட மழை பேஞ்சுதாப்பா, சாப்பிட்டீங்களாப்பான்னு மட்டும் பேசிக்கினு இருந்திருக்கற, இப்பத்தான் எனக்கு ஒறைக்குது.

மத்தியானம் சம்பந்திக்குப் போன் பண்ணினேன். என் புள்ள அவன் பொண்டாட்டியைத் தேடிக்கினு போறான், நேர்ல பாத்துப் பேசினா எல்லாம் சரியாப்போவும், இதுல என்னா தப்பைக் கண்டுட்டீங்கன்னாரு. போன வாரம் இதே பேச்சை அவரு பேசியிருந்தா நானும் தலையாட்டி இருப்பேன். யாரு உங்களுக்குச் சொன்னதுன்னு மூணு தடவை கேட்டாரு, இளவரசி பேரு வாய் வரைக்கும் வந்துது, பல்லைக் கடிச்சுக்கினேன். லாட்ஜுக்கு நதியா இங்கிலீஷுல பேசிச்சு. அப்படி ஒருத்தங்க எங்ககிட்ட ரூம் போட்டிருக்கறாங்களா இல்லையான்னு யாரு கேட்டாலும் சொல்ல மாட்டோம்னு அங்க இருந்த பொம்பளை சொல்லிடுச்சாம். உயிர் போற விஷயம்னு நதியா கெஞ்சினதும், சேதியை மட்டும் எழுதி வெச்சுக்கறேன், அப்படி யாராச்சும் வந்தா குடுக்கறேன்னு வாங்கிக்கிச்சு. முன்ன பின்ன உன்னைப் பாக்காத ஒரு பொம்பளை உன் பேரை வெளிய விடல. நான் ஆட்டோ புடிச்சுப் போய் ஒப்படைச்சுட்டு முறுக்குத் தின்னுட்டு வந்தேன்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. அவனை எங்கயாச்சும் பாத்துட்டா நின்னு பேசாதே, போலீசைக் கூப்பிடு, மானம் போயிடும்னு யோசிக்காதே, போறதா இருந்தா என் மானம் போவட்டும். பெட்ரோலை பாதி டேங்குக்குக் கீழ எறங்க விடாதே. போட்டோவை எல்லாம் குடும்பக் குரூப்புல போடாதே, அவங்க ஆளுங்களும் அதுல இருக்கறாங்க. இருக்கற இடத்தைக் காட்டறது எதாச்சும் உன் போன்ல இருந்தா அமுத்திடு. புது ஊர்ல எடுத்திருக்கற அந்த வீடு வேணாம்மா, அட்ரஸ் அவங்ககிட்ட இருக்குது, வேற வீடு பாத்துக்கோ. ஆபீஸ் பேரை நீ லிஸ்ட்டுல எழுதல, அந்தமட்டும் தப்பிச்சோம். சின்ன வயசுல இருந்து பாடப் புஸ்தகத்துல படத்தைப் பாத்து ஆசைப்பட்டியே, அந்தப் பெரிய பள்ளத்தாக்கு, அதுவும் லிஸ்ட்டுல இருக்குது, அங்கயும் போகாதே. உன் பயணத்தையே நான் கெடுத்துட்டேன். ஆனா அவ்ளோ பெரிய நாட்டுல லிஸ்ட்டுல இல்லாத மலையும் அருவியும் இல்லாமலா போவும், அதைப் போய்ப் பாரு. ரூமைச் சாத்திக்கினு உள்ளயே உக்காந்துடாதே. வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்னுட்டு வண்டி ஓட்டாதே.

உங்க அம்மா காலையில இருந்து போனை மடியில வெச்சுக்கினு உக்காந்திருக்கறா, எங்கிட்ட பேசல. நீ படிச்சுட்டன்னு தெரிஞ்சா போதும், அவ எழுந்து ஒரு வாய் தண்ணி குடிப்பா. இனிமேட்டு எதுவா இருந்தாலும் அவகிட்ட மட்டும் சொல்லு, ஆறு மாசம் ஒரு வார்த்தை வெளிய விடாதவ. அவ போனுக்கு நதியா புது லாக்கு போட்டுக் குடுத்துது, நம்பரை அது சொன்னப்ப நானே எழுந்து வெளிய போயிட்டேன். நாளைக்கே சம்பந்தி நாலு பெரிய மனுசங்களை இட்டுக்கினு வந்து நிப்பாரு, பொண்ணு எங்கன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும். தெரியாதுன்னு நான் சொல்றது நெஜமா இருக்கணும். அதனால நீ எங்க இருக்கன்னு எனக்குச் சொல்லாதேம்மா. ஊரு பேரு, தெருப் பேரு, பக்கத்துல என்ன இருக்குதுன்னு கூட சொல்லாதே. காமாட்சியம்மன் உன் கூடவே வண்டியில உக்காந்து வரட்டும், நீ நூறு வயசு நல்லா இருக்கணும், உன் மனசுக்குப் புடிச்ச மாதிரி இருக்கணும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே, அப்பாவுக்கு உடம்பு முடியல, உன் எடம் தெரிஞ்சா நிம்மதியா கண்ணை மூடுவாருன்னு யாராச்சும் வந்து சொல்லுவாங்க, சொல்லாதே. ஒரு நாள் மனசு தாங்காம நானே போன்ல கெஞ்சிக் கேப்பேன், அன்னிக்கும் சொல்லாதே.

இப்படிக்கு
உன் அப்பா
மாணிக்கவேல்