முதுகில் ஒட்டியிருந்த சிவப்பு அம்பு

மச்சான்,

இன்று காலை துவைக்கப் போடலாம் என்று என் நீலச் சட்டையை உதறினேன். முதுகில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. நகத்தளவு காகிதம். செக்கிங் மேசையில் பனியனில் எங்கே பழுதோ அங்கே நீங்கள் ஒட்டுவீர்களே, அதே ஏரோ ஸ்டிக்கர். நேற்று உடுமலையிலிருந்து திருப்பூர் வரைக்கும் அதை முதுகில் வைத்துக்கொண்டு, பஸ் நிறைய ஜனத்துக்கு நடுவில் மகாராஜா மாதிரி நின்று வந்திருக்கிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஒட்டியது யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களைப் போல ஒரு செக்கிங் ஆளை நம் முதலிபாளையம் வட்டாரம் பார்த்ததில்லை. இதை நான் ஏற்றிச் சொல்லவில்லை. ஒரு ஊசி ஓட்டை, ஒரு எண்ணெய்த் துளி, தையல் ஒரு இழை விலகியிருந்தால் போதும், அம்பு விழுந்துவிடும். ஆனால் டெய்லரைத் திட்டமாட்டீர்கள். "பீஸ் நல்லாத்தான் இருக்குதுங்க. இந்த எடம் மட்டும் பாருங்க" என்று கையில் கொடுப்பீர்கள். அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக நின்ற எனக்கும் அந்த மரியாதையில் குறை வைத்ததில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வந்து நான் தேய்த்த டீசர்ட்டைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கிய கதையை நான் சாப்பாட்டு நேரத்தில் சொல்வேன். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். கை கழுவப் போகும்போதுதான் பேக்கிங் சரசக்கா சிரிப்பாள். பார்த்தால் என் நெஞ்சுப் பையில் நீங்கள் ஒட்டிய அம்பு இருக்கும். பையர் வந்தது நிசம், தொட்டதும் நிசம். கண்ணைத் துடைத்தது மட்டும் நீராவி பட்டதால்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நான் நிறுத்திவிட்டேன் என்று சொல்வேன். பள்ளிக்கூடம் என்னை நிறுத்தியது என்று ஒரு அம்பு. கணியூர் வாய்க்காலில் சின்ன வயசில் முதலையின் வாலைப் பிடித்து இழுத்தேன் என்பேன். அதற்கு மட்டும் எத்தனை அம்பு வாங்கியிருப்பேனோ. என் பொய்யெல்லாம் என்னைப் பற்றியதுதான் மச்சான். யாருக்கும் ஒரு சேதாரமில்லை. ஒன்றே ஒன்று தவிர.

அன்றைக்கு வேலை நேரத்தில் உங்களுக்கு நெஞ்சு வலித்து, கம்பெனிக் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது உங்கள் தலை என் மடியில் இருந்தது. "கண்ணாடியைக் கொஞ்சம் எறக்குங்க மாப்ள" என்றீர்கள். இறக்கினேன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது நீங்கள் இல்லை.

மூன்றாம் நாள் என் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். உங்கள் இரண்டு பெண்களும், நந்தினியும் மித்ராவும், கதவோரம் நின்றிருந்தார்கள். கண்ணாடியை இறக்கச் சொன்னார் என்று அந்த மூன்று முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இருபது வருஷமாக எல்லாவற்றிலும் ஒரு பூ வைத்துத் தைத்துப் பழகிய வாய். 'ஞாயித்துக்கிழமையானா இவங்க மூணு பேரையும் வெளிய எங்கியாச்சும் கூட்டிட்டுப் போங்க மாப்ள, ஊட்டுக்குள்ளயே உக்கார விட்டுறாதீங்க, நான் இல்லைன்னு அது நிக்கக் கூடாது' என்று நீங்கள் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். வருஷம் முடியட்டும் என்றாள்.

அந்த ஒரு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஞாயிறு தவறாமல் நீங்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய வீடு, ஞாயிறானால் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. திதி முடிந்தது. போலாமா என்று கேட்டேன். போலாம் என்றாள். எனக்குச் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னீர்கள் என்று நம்பித்தானே எழுந்து வருகிறாள்? பொய் வெளுத்தால் மறுபடியும் உட்கார்ந்துவிட்டால்? அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவேன்?

சனிக்கிழமை மத்தியானமே உங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். பரண் மேலிருந்து சந்தகை பிழியும் மெஷினை இறக்கச் சொன்னாள் அக்கா. நீங்கள் போனபின் அதை யாரும் தொடவில்லை. வெந்த மாவுருண்டை சூடாறுவதற்குள் சுற்ற வேண்டும். நீங்கள் சுற்றினால் சத்தமே வராது, நூல் நூலாக இறங்கும். நான் சுற்றினேன், மெஷின் மூன்று காலோடு சமையல்கட்டு முழுக்க நடந்தது. நந்தினி ஓடிவந்து ஒரு காலை மிதித்துக்கொண்டாள், மித்ரா தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஒரு கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு நான் ஒற்றைக் கையால் சந்தகை சுற்றியதைச் சொன்னேன். சரி மச்சான், நாற்பது பேர். பாதி நேரத்துக்கு மேல் கைப்பிடியைப் பிடித்தது என் மாமியார்.

தேங்காய்ப்பால் ஊற்றித் தின்றோம். சாயங்காலம் சிமெண்டுத் தரையில் சாக்பீஸில் கோடு போட்டுத் தாயம் ஆடினோம். நான்தான் ஜெயித்தேன் என்று எழுத ஆசைதான். மித்ரா என்னை இரண்டு முறை வெட்டிவிட்டாள். அப்போது எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, நாளைக்கு எங்கே பயணம் என்று கேட்டார். "அமராவதி டேமுக்குங்க. எங்கப்பா சொல்லிட்டுப் போனதுங்க" என்றாள் மித்ரா. எனக்குக் கையிலிருந்த காய் கீழே விழுந்தது.

ஞாயிறு காலை முதல் பஸ். உங்கள் பழைய சாப்பாட்டுப் பையில் புளிச்சோறு கட்டி எடுத்து வந்தாள் அக்கா. அந்த நீலப் பை அவள் தோளில் தொங்கியது. உடுமலை நெருங்க நெருங்கக் காற்றாலைக் காத்தாடிகள் வந்தன. இதில் ஒன்றை நான் கையால் நிறுத்தியிருக்கிறேன் என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று நந்தினி கேட்டாள்.

டேமில் பெண்கள் இரண்டு பேரும் முதலைப் பண்ணையைப் பார்க்கப் போனார்கள். அக்காவும் நானும் பூங்காவில் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்துக் கடையில் மீன் வறுக்கும் வாசம் வந்தது. இதற்கு மேல் சுமக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

"அக்கா, மச்சான் அன்னிக்குச் சொன்னதா நான் சொன்னனே..." என்று ஆரம்பித்தேன்.

அவள் டப்பா மூடியைத் திறந்துகொண்டே, "அவிய சொல்லலை. அதானே?" என்றாள்.

நான் அவள் கையிலிருந்த மூடியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"கல்யாணம் ஆன நாளா அவிய ஒரு மூச்சுல அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்ல சாமி. நீ சொல்றப்பவே தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க்கா கெளம்பி வந்தீங்க?"

"எங்களைக் கூட்டிட்டுப் போகோணும்னு நீ நெனச்சே. அதை உன்ற வாயால சொல்ல உனக்கு வெக்கம். அவிய வாயில வெச்சுட்டே. நீ கூப்பிட்டுத்தான் வந்தேன், போ."

ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம், நூல் மூட்டை கணக்காக, அப்படியே இறங்கியது. அழுதேனா என்று கேட்காதீர்கள். மீன் கடைப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, நிசமாக என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறக்குனியா?"

"ஒடனே எறக்கிட்டனுங்க."

"காத்து வந்துச்சா?"

"வந்துச்சுங்க. மழை பேஞ்சு ஓஞ்ச நேரம். நல்ல காத்து."

"அது போதும்" என்றாள்.

இதில் ஒரு இழைகூட நான் சேர்க்கவில்லை மச்சான். மழை ஓய்ந்திருந்ததும் நிசம், காற்று உங்கள் முடியைக் கலைத்ததும் நிசம். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே சின்னக் கதை அதுதான். அதற்குத்தான் அக்காவின் முகம் தெளிந்தது.

பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அப்புறம் அவர்கள் வந்தார்கள், சாப்பிட்டோம், மீனும் வாங்கித் தின்றோம். முதலை அசையவே இல்லை, பொம்மையோ என்று சந்தேகப்பட்டதாக மித்ரா சொன்னாள். உடனே நான் கணியூர் வாய்க்கால் கதையை எடுத்தேன். வால் இரண்டு ஆள் நீளம் என்றேன். "அது உடும்பு. நானுந்தான் கூட நின்னேன். நீ அலறி ஓடி வந்து என்ற பாவாடையைப் புடிச்சுக்கிட்டே" என்றாள் அக்கா, சோறு பிசைந்துகொண்டே. அவளும் வருஷக்கணக்காகக் காத்திருந்திருக்கிறாள் போல.

திரும்பும்போது உடுமலையில் பஸ் ஏறினோம். "பாத்து ஏறு தம்பி" என்று அக்கா பின்னாலிருந்து என் முதுகில் கை வைத்தாள். மூன்று பேர் சீட்டில் அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு இடமில்லை, முன்னால் கம்பியைப் பிடித்து நின்றேன். அக்கா ஜன்னலோரம். உட்கார்ந்ததும் கண்ணாடியை முழுக்கத் தள்ளித் திறந்தாள். பல்லடம் வரை மூடவில்லை. முடி பறந்து முகத்தில் விழுந்தது, அதை ஒதுக்கவும் இல்லை.

நடுவழியில் அவள் தலையைச் சாய்த்துப் பெண்களிடம் ஏதோ பேசினாள். நந்தினி தலை குனிந்தாள். மித்ரா கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பார்க்கத் தைரியமில்லாமல் திரும்பிக்கொண்டு கண்டக்டரிடம் முதலைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்சம் போனதும் பின்னால் ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து, அடங்காமல், மூன்று பேரும் சேர்ந்து. கதை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து முதலைக்கு இன்னும் ஒரு முழம் கூட்டினேன். சிரிப்பு அதிகமானது. கண்டக்டரும் சிரித்தார். என் வாய்த்திறமை அப்படி என்று பெருமையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

காலையில் அம்பைப் பார்த்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். உங்கள் சாப்பாட்டுப் பையின் பக்கப் பையில் ஒரு ஸ்டிக்கர் தாள் மிச்சம் இருந்ததாம், சோறு கட்டும்போது கையில் பட்டதாம். இன்னும் இருக்கிறதா என்றேன். இருபது முப்பது இருக்கும், உனக்கு ஒரு மாசத்துக்கு வராது என்றாள். அடுத்த ஞாயிறு எங்கே என்று பின்னாலிருந்து மித்ரா கத்தினாள்.

அம்பைக் கிழியாமல் உரித்து எடுத்து வந்து, அயர்ன் டேபிளில் என் கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்கிறேன். மத்தியானம் பேக்கிங் சரசக்கா, என்ன இது புதுசாக என்று கேட்டாள். போன தடவை வந்த பையர் என் அயர்னிங்கைப் பாராட்டி ஒட்டிவிட்டுப் போனது என்று சொன்னேன். அம்பு என்னையே பார்த்தது.

"இல்லீங்க. எங்கக்கா ஒட்டுனது" என்றேன்.